நினிவேயின் ஏடுகள்



நினிவே என்ற பெயரைக் கேட்டவுடன் யோனாஸ் தீர்க்கதரிசியும், அவரை விழுங்கிய பெரிய மீனும், சாக்கு உடுத்திச் சாம்பலில் அமர்ந்த அரசனுமே நம் நினைவுக்கு வருகின்றனர். அந்நகரின் இடிபாடுகள் ஈராக் நாட்டில் டைகிரிஸ் ஆற்றங்கரையில் இன்றும் கிடக்கின்றன. அவற்றைச் சூழ்ந்து பரவியுள்ள நகருக்கு மோசுல் என்று பெயர். திருச்சபையின் தொடக்க நூற்றாண்டுகள் தொட்டே அங்கும், அதனை அடுத்த சமவெளி ஊர்களிலும் கிறிஸ்தவர்கள் வாழ்ந்து வந்தனர். அவர்களுடைய வழிபாட்டு மொழி சுரியானி. நம் ஆண்டவர் பேசிய அரமேய மொழியின் ஒரு கிளை அது. கேரளத்துத் தோமையார் கிறிஸ்தவர்கள் பல நூற்றாண்டுகளாகத் தம் பூசையில் வழங்கி வந்ததும் இம்மொழியே. ஆகையால் இங்கே நான் சொல்லப் புகும் செய்தி தொலைதேசத்துச் செய்தியாயினும், முற்றும் அயலாருடையது அன்று.

மோசுலில் சாமிநாதர் சபைக் குருக்கள் 18ஆம் நூற்றாண்டு முதல் பணியாற்றினர். பின்னர் அங்கு அச்சகம் நிறுவிச் சுரியானி, அரபு மொழிகளில் நூல்கள் பதிப்பித்தனர். அச்சபையைச் சேர்ந்த தந்தை நஜீப் மிக்காயேல் அவ்வூரிலேயே பிறந்தவர். துறவு பூணுமுன் எண்ணெய்த் துறையில் பணியாற்றியவர். கோயில்களிலும் மடங்களிலும் வீட்டுப் பெட்டிகளிலும் கிடந்த பழஞ்சுவடிகள் கரையானுக்கும் ஈரத்துக்கும் போருக்கும் இரையாவதைக் கண்டு, அவற்றைப் படமெடுத்துக் காப்பதற்கென 1990ஆம் ஆண்டில் ஒரு நிலையத்தைத் தொடங்கினார். நாளடைவில் கணினியும் டிஜிட்டல் காமிராவும் அவர் கைக்கு வந்தன. கத்தோலிக்கர், பிற சபையார் என்ற வேற்றுமை பாராமல் சுவடி உள்ள இடத்துக்கெல்லாம் சென்றார். ஏறத்தாழ 8,000 சுவடிகள் இவ்வாறு படமாயின.

படமெடுத்தல் என்றால் கைபேசியை நீட்டிச் சொடுக்குவதன்று. பழைய நூலை அகல விரித்தால் முதுகு ஒடிந்துவிடும். ஆதலின் சாய்வான தாங்கியில் பாதியளவே திறந்து கிடத்துவர். மேலே காமிரா, இருபுறமும் சூடு தராத விளக்குகள். பக்கத்தின் அளவை அறிய ஓர் அளவுகோலையும், மையின் உண்மையான நிறத்தை அறிய ஒரு வண்ண அட்டையையும் வைத்துப் படமெடுப்பர். அட்டையையும் எடுப்பர், எழுதாத வெற்றுத் தாளையும் எடுப்பர். வெற்றுத் தாளை எதற்கு எடுக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றும். எழுதப்பெற்ற பக்கம் ஒன்று விடுபட்டதோ, அன்றி மூலத்திலேயே அங்கு ஒன்றும் இல்லையோ என்ற ஐயம் நூறாண்டு கழித்துப் படிப்பவனுக்கு எழக்கூடாதல்லவா? வேலை முடிந்ததும் மூலச்சுவடி உரியவரிடமே திரும்பிச் செல்லும். இதனை நான் பெரிதாக மதிக்கிறேன். முற்காலத்தில் கீழ்த்திசை ஏடுகளைக் காக்கிறோம் என்று சொல்லிப் பெட்டி பெட்டியாக ஐரோப்பாவுக்கு ஏற்றிச் சென்றனர். ஏடு பிழைத்தது, ஏட்டுக்குரிய ஊர் வறியதாயிற்று.

மோசுலில் கிறிஸ்தவர்களுக்கு அச்சுறுத்தல் மிகுந்தமையால் 2007இல் அந்நிலையம் கரகோஷ் என்னும் கிறிஸ்தவ ஊருக்குப் பெயர்ந்தது. 2014 ஜூன் மாதத்தில் ஐ.எஸ். என்ற தீவிரவாதப் படை மோசுலைக் கைப்பற்றியது. ஜூலையில் கிறிஸ்தவர்கள் நகரை விட்டுத் துரத்தப்பட்டனர். யோனாஸின் கல்லறை என்று முஸ்லிம் மக்களும் கிறிஸ்தவ மக்களும் போற்றிய இடம் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. தந்தை நஜீப் தாமதிக்கவில்லை. கரகோஷ் வீழுமுன்னரே சுவடிகளைப் பெட்டிகளில் அடுக்கிக் குர்து மக்களின் நகராகிய எர்பிலுக்கு அனுப்பத் தொடங்கினார். ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு கரகோஷும் வீழ்ந்தது. கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு பல்லாயிரம் பேர் ஓடிய அந்த நேரத்தில், எஞ்சிய ஏடுகளோடு அவரும் புறப்பட்டார். தம் வீடு வாசல் இழந்து உடன் வந்த மக்களும் அப்பெட்டிகளைச் சுமந்து சென்றனர். குழந்தையைத் தூக்குவதா, தான் படித்தறியாத ஏட்டைத் தூக்குவதா என்று திகைக்கத்தக்க வேளையில் அவர்கள் இரண்டையும் தூக்கினார்கள்.

அச்சமவெளியில் மார் பெஹ்னாம் என்ற பழைய மடம் ஒன்றுண்டு. அங்கிருந்த துறவியரும் அவ்வாண்டு ஜூலையில் விரட்டப்பட்டனர். நிலைமை முற்றுவதை முன்னுணர்ந்து, நூற்றுக்கணக்கான சுவடிகளை ஒரு சிற்றறையில் வைத்துச் சுவரெழுப்பி மறைத்திருந்தனர். 2015இல் அம்மடத்துப் புனிதரின் கல்லறை தகர்க்கப்பட்டது. ஆனால் மடத்திலேயே குடியிருந்த பகைவர் அந்தச் சுவரைக் கண்டுகொள்ளவில்லை. 2016 நவம்பரில் ஊர் மீட்கப்பட்டபின் சுவரை உடைத்து ஏடுகளை வெளியே எடுத்தார்கள். அவை அகப்பட்டிராவிடினும், படங்கள் ஏற்கெனவே எடுக்கப்பட்டு அயல்நாட்டில் பத்திரமாக இருந்தன.

அயல்நாடு என்றது அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தை. அங்குக் காலேஜ்வில் என்னுமிடத்தில் புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளின் மடமொன்று உள்ளது. அத்துறவிகள் 1965இல் ஆஸ்திரியா நாட்டு மடங்களின் சுவடிகளை நுண்படச் சுருளில் பதியத் தொடங்கினர். அவர்களைத் தூண்டியது அச்சமே. அச்சபையின் தாய்மடமாகிய மோந்தே கசீனோ 1944 பிப்ரவரியில் குண்டுமழையில் தரைமட்டமானதை அவர்கள் மறக்கவில்லை. அங்கேயும் ஏடுகள் தப்பியது, சில மாதங்களுக்கு முன் உரோமைக்கு அகற்றப்பட்டதனால்தான். இனியொரு போர் மூண்டால், அதுவும் அணுகுண்டுப் போராக மூண்டால், அகற்ற நேரம் இருக்குமா? அவ்வச்சத்தில் தொடங்கிய பணி ஹில் சுவடி நூலகம் என்ற பெயரில் வளர்ந்தது. 2003 முதல் தந்தை கொலம்பா ஸ்டூவர்ட் என்ற துறவியின் பொறுப்பில் லெபனான், சிரியா, ஈராக், மாலி முதலிய நாடுகளுக்குப் பரவிற்று. கேரளத்துச் சுரியானி ஏடுகளும், மாலி நாட்டுத் திம்பக்துவின் இஸ்லாமிய ஏடுகளும் அதில் இடம்பெற்றன. துறவி ஒருவர் மார்க்க வேற்றுமை பாராமல் இஸ்லாமியரின் ஏட்டையும் அதே அக்கறையுடன் காப்பது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். எனக்கு அது இயல்பாகவே படுகிறது. ஏடு பெயர்த்தெழுதுதல் துறவு மடங்களின் பழைய தொழில் அன்றோ? இறகுக்குப் பதில் இப்போது காமிரா.

நிற்க. படமெடுத்தவுடன் வேலை முடிந்ததா என்றால், இல்லை. எந்தச் சுவடி, யார் எழுதியது, எதனைப் பற்றியது என்று குறித்து வைக்காத படம் குப்பையில் கிடக்கும் முத்துக்குச் சமம். இதற்கு எத்தியோப்பியா நாட்டவர் ஒருவரின் வரலாறே சான்று. கெத்தாச்சு ஹைலே என்ற அவ்வறிஞர் அந்நாட்டின் பழைய கீஸ் மொழியில் வல்லவர். 1974இல் அங்குப் புரட்சி நடந்து இராணுவ ஆட்சி வந்தது. அதனை எதிர்த்துப் பேசினார் என்பதற்காக 1975இல் அவரைச் சுட்டார்கள். உயிர் பிழைத்தார், ஆயின் நடக்கும் ஆற்றலை இழந்தார். அடுத்த ஆண்டில் மின்னசோட்டா வந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே, தம் நாட்டிலிருந்து நுண்படமாக வந்துகொண்டிருந்த சுவடிகளை ஒவ்வொன்றாகப் படித்து அட்டவணை எழுதினார். ஆயிரக்கணக்கான சுவடிகள். 2021இல் இறக்கும்வரை அவருக்கு அதுவே வாழ்வு. அவர் ஒருவர் இல்லாதிருப்பின் அச்சுருள்கள் பெட்டிக்குள் ஊமையாய்க் கிடந்திருக்கும்.

இன்னொரு பக்கமும் உண்டு. மின்னெண் படம் அழியாதது என்று பலர் நம்புகின்றனர். இங்கிலாந்தில் 1086ஆம் ஆண்டில் வில்லியம் மன்னனின் ஆணையால் நாட்டின் நிலங்களைக் கணக்கெடுத்துத் தோல் ஏட்டில் எழுதினர். டூம்ஸ்டே ஏடு என்பர். அதன் 900ஆம் ஆண்டு நினைவாக பி.பி.சி. நிறுவனம் 1986இல் அந்நாட்டு மக்களின் வாழ்வைப் படங்களும் செய்திகளுமாகத் திரட்டி, லேசர் தட்டுகளில் பதிந்து வெளியிட்டது. பள்ளிச் சிறுவர்களும் எழுதித் தந்த பெருமுயற்சி அது. பதினாறே ஆண்டுகள் கழிந்தன. 2002 வாக்கில் அத்தட்டுகளைப் படிக்கும் கருவி கிடைப்பதே அரிதாகிவிட, ஆராய்ச்சியாளர் பெரும்பாடுபட்டு உள்ளடக்கத்தை மீட்க வேண்டியதாயிற்று. 900 ஆண்டுத் தோல் ஏடோ, கண்ணிருப்பவர் எவரும் திறந்து படிக்கும் நிலையில் இருந்தது! இலண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகமும் 2023 அக்டோபரில் கணினித் திருடர்களின் தாக்குதலுக்கு ஆளாகி, அதன் மின்னெண் சுவடிகள் பல மாதங்கள் எவருக்கும் எட்டாமற் போயின. மூல ஏடுகள் அலமாரியில் நலமாகவே இருந்தன.

இதைச் சொல்வதற்குக் காரணமுண்டு. படமெடுத்தாயிற்றே, இனிப் பழைய ஏடு எதற்கு என்று கேட்கும் குரலைப் பங்குகளிலும் வீடுகளிலும் கேட்டிருக்கிறேன். நம் முன்னோரும் பனையோலை நைந்ததும் புதிய ஓலையில் பெயர்த்தெழுதிவிட்டுப் பழையதை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டனர் என்பது மெய்யே. ஆனால் அவர்கள் கையில் புதிய ஓலை இருந்தது. அதனை ஓதும் மாணாக்கனும் எதிரே இருந்தான். ஓதுவார் அற்றுப்போன வீடுகளில் பெயர்த்தெழுதாமலே ஆற்றில் விட்டவை எத்தனையோ! நம் கைபேசிப் படம் புதிய ஓலை ஆகாது. கருவி பழுதானால் அதுவும் போயிற்று.

ஈராக்குக்கு வருகிறேன். தந்தை நஜீப் எர்பிலில் அகதிகளுக்கே பயிற்சி அளித்து, ஏடுகளைச் செப்பனிடவும் படமெடுக்கவும் பணியில் அமர்த்தினார். 2019இல் அவர் மோசுலின் கல்தேயப் பேராயரானார். ஏடுகள் பிழைத்தன, மோசுல் மீட்கப்பட்டது, இடிந்த கோயில்கள் சிலவும் எழுந்தன. ஆயினும் அந்நகரின் கிறிஸ்தவக் குடும்பங்களுள் திரும்பி வந்தவை மிகச் சிலவே. ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் வளரும் அக்குடும்பத்துச் சிறுவன், தன் பாட்டனார் பாடிய செபத்தின் ஏட்டை இன்று கணினியில் காணலாம். அதைப் படிக்க அவனுக்கு எழுத்துத் தெரியுமா? இராகம் தெரியுமா? இந்தக் கேள்விக்குக் காமிராவிடம் விடையில்லை. ஏட்டைச் சுமந்து ஓடிய மக்களையும் ஏட்டோடு சேர்த்துக் காப்பதே முழுக் காவல் என்று நான் கருதுகிறேன். அது நூலகங்களின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது.

நம்மிடமும் ஏடுகள் இல்லாமலில்லை. 1578இல் கொல்லத்தில் தமிழில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்ற சிறு செப நூலின் படி அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அது போகட்டும். தென்மாவட்டக் கடற்கரை ஊர்களிலும் உள்நாட்டுக் கிராமங்களிலும் திருவிழா இரவுகளில் நடித்த வாசாப்பு நாடகங்களின் கையெழுத்து நோட்டுகள், தவக்காலத்தில் வாசிக்கும் வியாகுலப் பிரசங்கப் பிரதிகள், ஒப்பாரி எழுதிய தாள்கள் ஆகியவை உங்கள் வீட்டுப் பரணிலும் டிரங்குப் பெட்டியிலும் இருக்கக்கூடும். பங்குகளில் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகள் உள்ளன. பழைய ஏடுகளைக் கவனமாகப் பேணவேண்டும் என்பது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 535ஆம் சட்டம் பங்குக்குருவுக்கு விதித்த கடமை. அவற்றைப் படமெடுப்பது நன்று. ஆயின் பொதுவில் பரப்புவது தகாது. ஒரு குடும்பத்தின் மறைவான செய்திகள் அவற்றில் அடங்கியுள்ளன.

வாசாப்பு நோட்டு வைத்திருப்போர்க்கு ஒரு விண்ணப்பம். அதனைப் படமெடுக்குமுன் பாட்டுத் தெரிந்த அண்ணாவியாரோ முதியவரோ ஊரில் இருந்தால் முதலில் அவரிடம் சென்று, அவர் பாடுவதைக் கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். நோட்டில் சொல் மட்டுமே உண்டு. மெட்டு அவர் தொண்டையில் இருக்கிறது. பாடியவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றை அவர் வாயாலேயே தொடக்கத்தில் சொல்லச் செய்யுங்கள். பின்னர் நோட்டை எடுங்கள். அட்டை முதல் அட்டை வரை, கறைபட்ட பக்கமும் எழுதாத பக்கமும் விடாமல், பக்கத்தருகே ஓர் அளவுகோலை வைத்து, நேர் மேலிருந்து எடுங்கள். ஒட்டிக்கொண்ட தாளை எச்சில் தொட்டுப் பிரிக்க வேண்டா. கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டவும் வேண்டா, அதன் பசை சில ஆண்டுகளில் தாளைப் பழுப்பாக்கிவிடும். படத்தின் படி ஒன்று வீட்டில், ஒன்று வெளியூர் உறவினரிடம், ஒன்று மறைமாவட்ட ஆவணக் காப்பகத்தில் இருக்கட்டும். மூல நோட்டைத் துணியில் சுற்றித் தரைபடாத உயரத்தில் வையுங்கள். படமெடுக்க மின்விளக்கும் பிளாஷும் வேண்டா. வெயில் நேராக விழாத காலை வேளையில் திண்ணையில் வைத்து எடுத்தாலே போதும்.