லாட் ரொம்ப நேர்மையானவராம்!

இங்கிலாந்து திருச்சபை நாள்காட்டியில் ஜனவரி 10, வில்லியம் லாட் நினைவு நாள். 1645-இல் அந்தத் தேதியில்தான் லண்டன் டவர் ஹில்லில் அவர் தலையை வெட்டினார்கள். வயது 71.

இவரைத் தூக்கிப் பிடிக்க ஒரு கோஷ்டி எப்பவும் உண்டு. "பாவம் மனுஷன், லஞ்சம் வாங்கல, கல்யாணம்கூடப் பண்ணிக்கல, சபைக்காகவே உழைச்சார், பியூரிட்டன் வெறியர்கள் கொன்னுட்டாங்க". இதுதான் அவர்கள் பாட்டு. இந்தப் பாட்டில் பாதிக்கு மேல் உண்மை. என் எரிச்சலே அதுதான். ஆள் நேர்மையானவர் என்றதும் அவர் கையில் எவ்வளவு அதிகாரம் இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

எவ்வளவு இருந்தது என்று பார்ப்போம். ரெடிங் ஊரில் ஒரு துணி வியாபாரியின் மகனாக 1573-இல் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்ட் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் படித்து, 1611-இல் அதற்கே தலைவர் ஆனார். 1621-இல் பிஷப், 1627-இல் முதலாம் சார்ல்ஸ் மன்னரின் ஆலோசனை சபையில் இடம், 1628-இல் லண்டன் பிஷப், 1630-இல் ஆக்ஸ்ஃபோர்ட் வேந்தர், 1633-இல் கேன்டர்பரி பேராயர். 1635-இல் கருவூலத்தைக் கவனித்த குழுவிலும் இருந்தார். அடுத்த வருஷம் தன் ஆளான பிஷப் ஜக்ஸனையே நாட்டின் கருவூலத் தலைவர் ஆக்கினார். ஏழாம் ஹென்றி காலத்துக்குப் பிறகு ஒரு சபைக்காரர் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை என்று டயரியில் பெருமையாக எழுதி வைத்தார். பைபிள், கஜானா, கோர்ட்டு மூன்றும் ஒரே வீட்டில்!

நல்லதும் செய்தார், மறைக்க வேண்டாம். ஆக்ஸ்ஃபோர்டில் அரபு மொழிக்குப் பேராசிரியர் பதவி அவர் உண்டாக்கியது (1636). பாட்லியன் நூலகத்துக்கு சுமார் 1,300 கையெழுத்துப் பிரதிகள் கொடுத்தார். திருவிருந்து மேசையைக் கிழக்குச் சுவரோடு போட்டு, முன்னால் தடுப்பு வைக்கச் சொன்னதும் அவர் தரப்புதான். நாய் வரக்கூடாது, சனங்கள் மேசைமேல் தொப்பியை வைக்கக்கூடாது என்பது ஒரு காரணம். (நம்ம ஊர் பழைய சி.எஸ்.ஐ. கோயில்களில் மண்டியிட்டுத் திருவிருந்து வாங்குகிறோமே, அந்தத் தடுப்புக்கும் வேர் அங்கேதான்.) மேசை எங்கே இருந்தால் என்ன என்று நமக்குத் தோன்றலாம். அன்றைக்கு அது "கத்தோலிக்கப் பலிபீடம் திரும்பி வருகிறது" என்று அர்த்தம். அப்படிப் பயந்தவர்களிடம் அவர் பேசவில்லை. உத்தரவு போட்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 1637 ஜூன். வக்கீல் வில்லியம் பிரின், பாதிரியார் ஹென்றி பர்ட்டன், டாக்டர் ஜான் பாஸ்ட்விக் மூன்று பேரும் பிஷப்புகளைத் திட்டித் துண்டுப் பிரசுரம் எழுதிய வழக்கு. இடம் ஸ்டார் சேம்பர். மன்னரின் ஆலோசகர்களே நீதிபதிகளாக உட்காரும் கோர்ட்டு, ஜூரி கிடையாது. ஆளுக்கு 5,000 பவுண்ட் அபராதம், ஆயுள் சிறை, காது அறுப்பு. பிரினுக்கு 1634-லேயே காதை அறுத்திருந்தார்கள், மிச்சம் இருந்ததை இப்போது அறுத்தார்கள். கன்னத்தில் "ராஜத்துரோக அவதூறுக்காரன்" என்பதற்கான இரண்டு எழுத்தைச் சூடு போட்டார்கள். அது "லாடின் தழும்பு" என்று பிரின் நக்கலடித்தார்.

அந்த வழக்கில் லாட் தண்டனைக்கு ஓட்டுப் போடவில்லை. விஷயம் தன்னைப் பற்றியது, ஆகவே ஒதுங்கிக்கொள்கிறேன் என்றார். அடடா, என்ன கண்ணியம்! ஆனால் அதற்கு முன்னால் அதே கோர்ட்டில் நீளமாக ஒரு பேச்சு. எதிரிகள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் பதில், கடைசியில் நீதிபதிகளுக்கு நன்றி வேறு. கை சுத்தமாக இருந்தது, காது போனது. இதைத்தான் நேர்மை என்கிறார்களா? எழுதியதற்காக ஒருத்தன் காதை அறுத்ததை "அந்தக் காலத்து வழக்கம்" என்று தள்ளிவிட்டு இணையத்தில் கட்டுரை எழுதுகிறவர்களைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. தண்டனையைப் பார்த்த லண்டன் கூட்டமே அப்படித் தள்ளிவிடவில்லை. அந்த மூவர் வந்த வழியில் பூவும் வாசனைத் தழையும் தூவினார்கள்.

மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடலாம். அதே ஜூலையில் ஸ்காட்லாந்தின் மேல் புது ஜெபப் புத்தகத்தைத் திணித்தார்கள். எடின்பரோ செயின்ட் ஜைல்ஸ் கோயிலில் வாசிக்க ஆரம்பித்ததும் முக்காலிகள் பறந்தன. 1639-லும் 1640-லும் சண்டை. சண்டைக்குப் பணம் வேண்டும், பணத்துக்கு நாடாளுமன்றம் வேண்டும். 1629-லிருந்து கூட்டாமல் வைத்திருந்த நாடாளுமன்றம் கூடியது. லாட் மேல் குற்றச்சாட்டு 1640 டிசம்பரில், டவர் சிறை 1641 மார்ச்சில்.

இங்கேதான் எதிர்க்கோஷ்டிக்கும் ஒரு குட்டு. "சரியான தண்டனை, மக்கள் தீர்ப்பு" என்கிறீர்களே, அந்த வழக்கைப் படித்தீர்களா? தனித்தனியாக எதுவும் ராஜத்துரோகம் இல்லை, எல்லாம் சேர்ந்தால் ராஜத்துரோகம் என்று வாதாடினார்கள். எத்தனை ஜோடி கறுப்பு முயலைச் சேர்த்தாலும் ஒரு கறுப்புக் குதிரை ஆகுமா என்று லாடின் வக்கீல் ஹெர்ன் மடக்கினார். ஆகாது என்று தெரிந்ததும் வழக்கையே விட்டுவிட்டு, அவர் குற்றவாளி என்று நாடாளுமன்றமே ஒரு சட்டம் போட்டது. மன்னர் கொடுத்த மன்னிப்பை ஏற்கவில்லை. ஜூரி இல்லாத ஸ்டார் சேம்பரை 1641-இல் ஒழித்ததே இவர்கள்தான், சாமி!

ஆதாரம் திரட்டியது யார் தெரியுமா? காது போன அதே பிரின். 1643-இல் லாடின் சிறை அறைக்குள் போய், வழக்குக்கு அவர் எழுதி வைத்திருந்த குறிப்புகளோடு டயரியையும் அள்ளிக்கொண்டு வந்தார். பிறகு அந்த டயரியைத் தனக்கு வேண்டியபடி வெட்டி ஒட்டி அச்சுப் போட்டார். பிரின்மேல் எனக்கு இருந்த பரிதாபத்தில் பாதி அந்த இடத்தில் போய்விட்டது.

1648-இல் மன்னரோடு சமரசம் பேசலாம் என்றதற்காக அந்தப் பிரினையும் ராணுவம் நாடாளுமன்றத்தை விட்டுத் துரத்தியது. 1650-இலிருந்து 1653 வரை சிறையில் போட்டு வைத்தார்கள். விசாரணை எதுவும் இல்லை.