கழிந்த வண்டியும் கொள்ளும் வண்டியும்

நெல்லை நகரத்தினின்று ஈரடுக்குப் பாலம் ஏறியிறங்கி, தாமிரபருணியைச் சுலோசன முதலியார் பாலத்தாற் கடந்து, வண்ணார்பேட்டை, முருகன்குறிச்சி வழியாகப் பாளையங்கோட்டைக்குக் கற்க வரும் மாணாக்கர் ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தூரமே பிரயாணஞ் செய்கின்றனர். மேலப்பாளையத்தினின்று வருவோர்க்குத் தூரம் இன்னுங் குறைவு. இவருட் பலர் 11-ஆம் வகுப்பில் அரசாங்கத்தார் இலவசமாய் அளித்த சைக்கிளிலேயே கல்லூரிக்கும் வரத் தொடங்குகின்றனர். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் அவ்வண்டி தேய்ந்து தளர்ந்துவிடுகிறது. அன்றேல் களவு போகிறது. அப்பொழுது அதற்குப் பிரதியாக எதனை வாங்குவது என்னுங் கேள்வி எழும். இஃது அற்பமான கேள்வியன்று. கூலியோ நெல் விற்ற பணமோ கொண்டு பிள்ளையைப் படிப்பிக்கும் வீட்டில், சைக்கிளின் விலையும் கல்லூரிச் சம்பளமும் ஒரே பெட்டியினின்றே வரவேண்டும். ஆதலின் இதுபற்றி யாம் கொண்ட அபிப்பிராயத்தை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

தவணையில் மோட்டார் சைக்கிள் வாங்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்பார் கூற்றை நெடிது ஆராய வேண்டுவதில்லை. வட்டியும் பெட்ரோலும் இன்ஷூரன்ஸும் விடாது வந்து வாயிலில் நிற்கும். 7 கிலோமீட்டரைச் சைக்கிளில் அரைமணி நேரத்திற் கடக்கலாம். சந்திப்பின் நெரிசலிலே மோட்டாரும் மிதிவண்டியும் அருகருகே காத்து நிற்பதை நாம் நாடோறுங் காண்கிறோம். நிற்க.

சைக்கிளே வாங்குவதெனத் துணிந்தாரையும் கடைவாயிலில் ஒரு மயக்கம் எதிர்கொள்கிறது. பருத்த டயர், முன்னும் பின்னும் ஸ்பிரிங், 21 கியர், கண்ணைப் பறிக்கும் வர்ணம் என்னும் இத்தனையும் சாதாரண வண்டியினுஞ் சற்றே மிகுந்த விலைக்குக் கிடைக்குமெனின் யாருக்குத்தான் ஆசை பிறவாது? யாமும் ஒருகால் அவ்வாசைக்கு இரையானோம். ஆறாம் மாதத்தில் கியர் தானே மாறத் தொடங்கிற்று. பின் ஸ்பிரிங்கோ, எம் காலின் பலத்தில் ஒரு பங்கைத் தான் விழுங்கிக்கொண்டு மிதிக்குந்தோறும் எம்மை ஊஞ்சலாட்டிற்று. மட்கார்டு இன்மையால் ஐப்பசி மழையில் முதுகெல்லாஞ் சேறு. கேரியர் இன்மையால் புஸ்தகப் பையும் சோற்றுப் பாத்திரமும் தோளிலேயே தொங்கின. தெருமுனையில் மரத்தடியிலிருந்து பஞ்சர் ஒட்டும் பெரியவர், அவ்வண்டிக்குரிய சாமான் தம்மிடம் இல்லையென்று கைவிரித்தார். குறைந்த விலைக்குள் இத்தனை உறுப்புக்களை அடக்க வேண்டுமாயின், ஒவ்வோர் உறுப்பின் தரத்தையுங் குறைத்தாலன்றி இயலாது என்னும் எளிய கணக்கு அன்று எமக்குத் தோன்றாது போயிற்று.

ஆகவே, குறுந்தூரத்திற்கும் குறைந்த பணத்திற்கும் ஏற்றது கியரற்றதும், கேரியரும் மட்கார்டும் செயின் கவருங் கூடியதுமான பழைய மாதிரி இரும்பு வண்டியே என்பது எம் துணிபு. அதன் சிறப்பு உறுதியில் மட்டுமன்று. அவ்வண்டியின் உறுப்புக்கள் ஒரு கம்பெனிக்கே உரியனவல்ல. 1951-ல் சோனிபட்டில் தொடங்கிய அட்லஸ் கம்பெனியார் தம் சாகிபாபாத் தொழிற்சாலையை 2020 ஜூன் 3-ஆம் நாள் நிறுத்தினர். ஆயினும் அவர் செய்த பழைய வண்டிகளை வைத்திருப்போர் பரிதவிக்கவில்லை. வேறொருவர் செய்த டயரும் செயினும் பெடலும் அவற்றிற்குப் பொருந்துகின்றன.

பாலத்தின் ஏற்றத்திற்குக் கியர் வேண்டாவோ என்று சிலர் வினவுவர். 28 அங்குலச் சக்கரமுள்ள வண்டியில் முன்னுள்ள பற்சக்கரத்திற்கு 44 பல்லும் பின்னுள்ள ஃப்ரீவீலுக்கு 18 பல்லும் இருக்குமாயின், பெடல் ஒருமுறை சுற்ற வண்டி ஏறக்குறைய 18 அடி செல்லும். அந்த ஃப்ரீவீலை மாற்றி 20 பல்லுள்ளதைப் பூட்டினால் 16 அடியே செல்லும். அதற்கேற்ப மிதிப்பதும் இலேசாகும். சமநிலத்தில் வேகஞ் சற்றுக் குறையுமென்பது மெய்யே. நமக்கோ பந்தயமில்லை, முதல் மணி அடிக்குமுன் வகுப்பிற் சேர்ந்தாற் போதும். மெலிந்த உடலினர்க்கு இம்மாற்றமொன்றே பல கியர்களின் வேலையைச் செய்துவிடும்.

டயரின் அளவிலும் ஒரு சூது உளது. 26 அங்குலமென்று எழுதப்பட்ட டயரெல்லாம் ஒன்றென்று எண்ணற்க. 26 × 1⅜ என்பது 590 மில்லிமீட்டர் ரிம்முக்கு உரியது. 26 × 1.95 என்னும் பருத்த டயரோ 559 மில்லிமீட்டர் ரிம்முக்கு உரியது. ஒன்று மற்றொன்றில் ஏறாது. டயரின் பக்கத்திற் சிறிய எழுத்தில் இவ்வெண் பொறிக்கப்பட்டிருக்கும்; அதனைப் படித்தறிந்தே பணங் கொடுத்தல் வேண்டும். பிரேக்கின் விஷயமும் அத்தகையதே. பழைய மாதிரி வண்டியின் குறையை யாம் மறைக்கப் போவதில்லை: மினுக்கிட்ட இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் ரப்பர் வழுக்கும், வண்டி நிற்பதற்குக் காய்ந்த நாளினும் நெடுந்தூரம் பிடிக்கும். மழையில் மெல்லச் செல்வதும், தேய்ந்த ரப்பரை உடனே மாற்றுவதுமே பரிகாரம்.

பெண்களுக்கு 'லேடீஸ்' வண்டியே ஏற்றதென்பர். புடவைக்கும் பாவாடைக்கும் அது சௌகரியமே. ஆயினும் 1991, 1992-ஆம் ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியாகச் சைக்கிள் பழகிய பெண்மக்கள், லேடீஸ் வண்டி கிடைக்காதபோது ஆண்கள் வண்டியையே வாங்கி ஓட்டினர். முன் பாரில் குழந்தையை வைத்துக்கொள்ளலாமென்று அதனையே விரும்பினாரும் உண்டு.

இனி, புதிதா பழையதா என்பது. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளின்மீதுள்ள சரக்கு சேவை வரி நூற்றுக்கு 12 என்பதினின்று 5 ஆகக் குறைக்கப்பட்டமையாற் புதிய வண்டிக்குச் சிறிது சலுகை உண்டாயிற்று. எனினும் கைப்பணம் அதற்கும் எட்டாதார் பழையதை நாடுவதில் இழுக்கில்லை, பார்த்து வாங்கவேண்டும். வர்ணத்தைப் பாராது ஃபிரேமைப் பார்க்க. ஹேண்டில்பாருக்குக் கீழே, சாய்ந்திறங்குங் குழாயில் வர்ணம் சுருங்கியிருந்தாலும், முன் ஃபோர்க் பின்னோக்கி வளைந்திருந்தாலும் அவ்வண்டி எதிலோ மோதியது என்று அறிக. எவ்வளவு மலிவாயினும் அது வேண்டாம். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினாற் பிரேக் ரப்பர்களினிடையே கோணாது ஓடல் வேண்டும். சிறு கோட்டம் எடுத்துவிடக் கூடியது. செயினை ஓர் அளவுகோலால் அளந்து பார்க்கலாம். புதிய செயினின் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்கும்; எட்டில் ஓரங்குலம் நீண்டிருந்தால் அதனை மாற்ற வேண்டுவதே, விலையும் அவ்வளவுக்குக் குறையவேண்டுவதே.

இவையெல்லாவற்றினும் முன்னே கேட்கத்தக்க கேள்வியொன்றுண்டு. அதனையே நம்மவர் கேளாது விடுகின்றனர். அவ்வண்டி விற்பானுக்கு எவ்வாறு வந்தது? பில் இல்லை, பெயர் சொல்லமாட்டான், ஃபிரேமில் வெட்டிய எண் அரத்தால் ராவப்பட்டிருக்கிறது, விலை மட்டும் பாதி என்றால், அது வேறொரு கல்லூரிக் கொட்டகையில் இன்னொரு மாணாக்கன் தேடிக்கொண்டிருக்கும் வண்டியாகவே இருத்தல் கூடும். தம் வண்டியைக் களவு கொடுத்தவரே, வெகுண்ட மனத்தோடு, அத்தகைய வண்டியை அறிந்தே வாங்கி வந்ததை யாம் கண்டிருக்கிறோம். அவர் நல்லவர், ஏழை, வேறு வழியில்லை என்றார். பில்லோடு கூடிய பழைய வண்டியொன்று அதே வாரத்தில் வேறொரு தெருவில் விலைக்கு நின்றது. வேற்றுமை எண்ணூறு ரூபாய். அவ்வெண்ணூறை நண்பர் நால்வர் சேர்ந்து கொடுத்திருக்கலாம். கேட்டிருந்தால் யாமுங் கொடுத்திருப்போம்.

இதைப் படிப்பவர் தம் வண்டியின் ஃபிரேம் எண்ணை இன்றே பார்த்து ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் எழுதி வைப்பாராக. பெரும்பாலும் ஆசனத்தின் கீழோ, பெடல் அச்சின் அடியிலோ அஃது இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தாற்றான் தெரியும்.