ஆரல்வாய்மொழி ஆட்டம்
ஈயச் சிப்பாய்களை மேசைமீது அணிவகுத்து, பகடை உருட்டிப் பழைய போர்களை மறுபடி நடத்துவது மேற்கே பெரியவர்களின் விளையாட்டு. எச்.ஜி. வெல்ஸ் 1913இல் அதற்கு விதி நூலே எழுதினார். ஆஸ்திரியாவை எதிர்த்து 1848-49இல் ஹங்கேரியர்கள் நடத்திய போரும் மேசைக்கு வந்தாயிற்று. நம் வேலுத்தம்பி தளவாய்க்குத் திருவனந்தபுரம் தலைமைச் செயலக வளாகத்தில் சிலை இருக்கிறது. அவரது போரை ஆடிப் பார்த்தால் என்ன?

1809 ஜனவரியில் குண்டறையில் கம்பெனிக்கு எதிராக அறைகூவல் விடுத்தார் அவர். அடுத்த மாதம் கம்பெனிப் படை ஆரல்வாய்மொழிக் கணவாயில் நின்றது. இரு பக்கமும் மலை, குறுக்கே அரண், அதன்மேல் பீரங்கிகள். ஆட வருகிற யாரும் திருவிதாங்கூர் பக்கத்தைத்தான் கேட்பார்கள். மலையை 'ஏற முடியாதது' என்று விதியில் எழுதிவிடத் தோன்றும். காவல் இருந்தவர்களும் அப்படித்தான் நம்பியிருக்க வேண்டும். பிப்ரவரி 9 இரவு மேஜர் வெல்ஷ் சிறு படையோடு தெற்கு மலையில் ஏறினார். மறுநாள் அரண் விழுந்தது.

ஆறு விழுந்தால் மலை ஏறலாம் என்று விதியைத் திருத்திக்கொள்ளலாம். பிறகு நடந்ததற்குத்தான் பகடை கிடையாது. திருவிதாங்கூர் அரசே தன் பழைய தளவாயைப் பிடிக்க ஆள் அனுப்பியது. மண்ணடியில் உயிரை மாய்த்துக்கொண்டவரின் உடலைத் திருவனந்தபுரம் கொண்டுவந்து, கண்ணம்மூலையில் ஊர் பார்க்கத் தொங்கவிட்டார்கள்.