பிள்ளை ஆடுவது கதையா, சூதா?

ராஜபாளையத்தில் தகப்பனார் பஞ்சாலைக்கு இரவு ஷிப்டு போயிருப்பார். ஸ்ரீவில்லிபுத்தூரில் தாயார் பால்கோவாக் கடையில் நின்றுகொண்டிருப்பார். வீட்டில் பிள்ளையின் கையில் செல்போன். "என்னடா செய்கிறாய்?" என்று கேட்டால், "கேம் ஆடுகிறேன்" என்று பதில் வரும்.

அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று கதை. மற்றொன்று சூது. இரண்டையும் பெற்றோர் பிரித்து அறிய வேண்டும்.

தொடர்கதை விளையாட்டு

பத்திரிகையில் தொடர்கதை வருவது போல, பகுதி பகுதியாக வரும் சாகச விளையாட்டுகள் உண்டு. எந்த வழியில் போவது, யாரைக் காப்பாற்றுவது என்பதை ஆடுகிறவரே தீர்மானிக்க வேண்டும்.

அடுத்த பகுதிக்குக் காத்திருப்பது நமக்குப் புதிதல்ல. ஆண்டாள் பிறந்த ஊரில் மார்கழி மாதம் நாளுக்கு ஒன்றாகத் திருப்பாவையின் 30 பாசுரங்களும் பாடப்படுகின்றன.

அமெரிக்காவில் டெல்டேல் என்ற கம்பெனி, 2012-ல் "தி வாக்கிங் டெட்" என்ற விளையாட்டை 5 பகுதிகளாக வெளியிட்டுப் பெரும் புகழ் பெற்றது. ஆனால் 2018 செப்டம்பரில் அதே கம்பெனி சுமார் 250 பேரை வேலையிலிருந்து நீக்கியது. 4 பகுதிகள் கொண்ட கடைசித் தொடர் நடுவில் நின்றது! முழுத் தொடருக்கும் முன்பணம் கட்டியவர்கள் திகைத்தார்கள். பிறகு வேறொரு கம்பெனி அதை எடுத்து, 2019 மார்ச்சில் முடித்து வைத்தது.

இதில் பாடம் என்ன? கதை முழுவதும் வந்த பிறகு வாங்குவதே புத்திசாலித்தனம்.

தமிழ்ச் சமையல் கதை

தமிழ்க் குடும்பக் கதையும் விளையாட்டாக வந்திருக்கிறது. அதன் பெயர் "வெண்பா". கனடாவில் வாழும் தமிழர் உருவாக்கியது. 2023 ஜூலையில் வெளிவந்தது. தமிழ்நாட்டிலிருந்து கனடாவில் குடியேறிய ஒரு தாய், தன் அம்மாவின் கிழிந்துபோன சமையல் குறிப்பைப் பார்த்து இட்லி அவிக்கிறாள். விடுபட்ட இடத்தை ஆடுகிறவர் யோசித்து நிரப்ப வேண்டும். அத்தியாயம் அத்தியாயமாக மகன் வளர்கிறான். தாய்மொழியை விட்டு விலகுகிறான். 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா பரிசு இதற்குக் கிடைத்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

சூதின் கதை வேறு. பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து, 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை சிறை. 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை. பொழுதுபோக்கு விளையாட்டுக்குத் தடையும் இல்லை.

இங்கேதான் எச்சரிக்கை தேவை. இலவசமாகத் தொடங்கி, "உடை வாங்கு, ஆயுதம் வாங்கு" என்று நடுவில் காசு கேட்கும் விளையாட்டுகள் உண்டு. அவை சூது அல்ல. ஆனாலும் மாதச் சம்பளத்தைக் கரைத்துவிடும். அதைச் சட்டம் தடுக்காது. வீடுதான் தடுக்க வேண்டும்.

மூன்று கேள்விகள்

பிள்ளையிடம் கேளுங்கள்: இதற்கு முடிவு உண்டா? ஆரம்பித்த பிறகு காசு கேட்கிறதா? பணம் வெல்லலாம் என்று ஆசை காட்டுகிறதா?

கடைசிக் கேள்விக்கு "ஆம்" என்றால் உடனே நிறுத்துங்கள். இரண்டாவதற்கு "ஆம்" என்றால், பணம் கட்டும் ரகசிய எண்ணைப் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். முடிவுள்ள நல்ல கதை என்றால், ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். போனைப் பிடுங்கினால் பிள்ளை ஒளித்து ஆடும். கூட உட்கார்ந்தால் கதை சொல்லும்.