மலைக்குப் போன மூணு கடிகாரம்

யாரிடமும் போட்டுக்கொடுக்க மாட்டேன், உண்மையைச் சொல்லுங்க. ஃபிசிக்ஸ் லேப்ல ரீடிங்கை அட்ஜஸ்ட் பண்ணியிருக்கீங்களா? பெண்டுலத்தை ஆட்டிவிட்டு, ஸ்டாப் கிளாக்கை அமுக்கி, ‘ஜி’ மதிப்பு 11.3 என்று வந்ததும் பக்கத்து டேபிள்காரன் நோட்டை எட்டிப் பார்த்து, 9.8 வருகிற மாதிரி கடைசி வரியிலிருந்து மேலே கணக்குப் போட்டதுண்டா? நான் போட்டிருக்கேன். சிவப்பு மையில் ‘குட்’ கூட வாங்கியிருக்கேன். அந்த ‘குட்’ இன்னிக்கும் கொஞ்சம் உறுத்தும்.

இந்த வார ஹீரோவும் விடை என்ன வரணும்னு தெரிஞ்சுக்கிட்டேதான் சோதனைக்குக் கிளம்பினவர். பெயர் டாம் வான் பாக். அமெரிக்காவில், வாஷிங்டன் மாநிலத்துக்காரர். நாமெல்லாம் ஸ்டாம்ப் சேர்த்தோம், தீப்பெட்டி லேபிள் சேர்த்தோம் இல்லையா? இவர் சேர்ப்பது அணுக் கடிகாரங்கள். புதுசா வாங்கினா சொத்தை எழுதி வைக்கணும். ஆனா லேப்களும் டெலிபோன் கம்பெனிகளும் கழித்துக்கட்டும் பழைய சரக்கு சகாய விலைக்கு வரும். அதை வாங்கி, துடைத்து, ரிப்பேர் பார்த்து ஓடவைக்கிற ஒரு கூட்டமே உலகம் முழுக்க இருக்கு. ரேடியோ பைத்தியம், கேமரா பைத்தியம் மாதிரி இது செகண்ட் பைத்தியம்.

2005-ல் இவருக்கு ஒரு யோசனை. ஐன்ஸ்டீன் சார்பியலை எழுதி 100 வருஷம். லூயிஸ் எசென் முதல் சீசியம் கடிகாரத்தை ஓடவைத்து 50 வருஷம். ரெண்டையும் சேர்த்துக் கொண்டாடினால் என்ன? கேக் வெட்டவில்லை. மினி வேனில் எச்.பி. 5071ஏ சீசியம் கடிகாரங்கள் மூன்றை ஏற்றினார். ஒவ்வொன்றும் சுமார் 30 கிலோ. கூடவே பேட்டரிகள், கருவிகள். மிச்ச இடத்தில் அவருடைய மூன்று பிள்ளைகள். வண்டி ரெய்னியர் மலைக்குக் கிளம்பியது.

ஏன் மலை? பூமியின் ஈர்ப்பிலிருந்து விலக விலக நேரம் வேகமாக ஓடும் என்பது ஐன்ஸ்டீன் கணக்கு. கடிகாரம் கெட்டுப்போய் இல்லை, நேரமே அப்படித்தான். மாடியில் குடியிருப்பவருக்குக் கீழ்வீட்டுக்காரரைவிடக் கொஞ்சம் சீக்கிரம் வயசாகும். அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்பதில்தான் வம்பு. வான் பாக் தங்கிய விடுதி அவர் வீட்டைவிடச் சுமார் 1,340 மீட்டர் உயரத்தில் இருந்தது. அந்த உயரத்துக்கு ஒரு நாளைக்கு 12.6 நானோ செகண்ட்தான் கூடும். ஒரு நானோ செகண்ட் என்பது செகண்டில் நூறு கோடியில் ஒரு பங்கு. அதற்குள் வெளிச்சமே 30 சென்டிமீட்டர்தான், உங்க ஸ்கேல் நீளம்தான் போகும். சுமார் 42 மணி நேரம் மலையில் இருந்தால்? கால்குலேட்டரை எடுங்க. 22 நானோ செகண்ட்.

ஆக, விடை தெரிந்துவிட்டது. நம்ம லேப்பாக இருந்தால் ரெக்கார்டை எழுதிவிட்டுக் கேன்டீனுக்குப் போயிருப்போம்.

அவர் என்ன செய்தார்? எனக்கு இந்தக் கதையில் மலையைவிடப் பிடித்தது இந்த இடம்தான். ஒரே கம்பெனி, ஒரே மாடல் என்றாலும் ஒவ்வொரு சீசியம் கடிகாரத்துக்கும் ஒரு சொந்த நடை உண்டு. ஒன்று நாளைக்கு நாலு நானோ செகண்ட் முந்தும், இன்னொன்று மூன்று பிந்தும். அதுபோக ஒன்றிரண்டு தள்ளாட்டமும் இருக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் மலைக்குப் போய் வந்தால், வந்த வித்தியாசம் ஐன்ஸ்டீனுடையதா, கடிகாரத்துடையதா என்று எப்படிச் சொல்வது? அதனால் கிளம்புவதற்கு முன்பே அவற்றை வீட்டிலிருந்த மற்ற கடிகாரங்களோடு பல நாள் ஓடவிட்டு, நடையைக் குறித்துக்கொண்டார். ரெண்டு கடிகாரங்களின் செகண்ட் துடிப்புகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளக்க ஒரு கவுன்ட்டர் உண்டு. நம்ம லேப் சி.ஆர்.ஓ.வுக்குத் தூரத்துச் சொந்தம். மலையிலிருந்து திரும்பிய பிறகும் அதே அளவை, மறுபடி பல நாள். ஆர்ப்பாட்டமான மலைப் பயணம் ஒரு வார இறுதி, அலுப்பான காத்திருப்புதான் அதிகம்.

சரி, ஏன் மூன்று? ஒரே கடிகாரம் கொண்டுபோய் அது வேனில் குலுங்கி உளறினால் நமக்குத் தெரியவே தெரியாது. ரெண்டு இருந்து ரெண்டும் சண்டை போட்டால் எது பொய் சொல்கிறது என்று தெரியாது. மூன்று இருந்தால் பஞ்சாயத்து வைக்கலாம். வழியில் கரன்ட் ஒரு நொடி போனாலும் கணக்கு மொத்தமும் காலி, அதற்குத்தான் அத்தனை பேட்டரி.

வீடு திரும்பி ஒப்பிட்டுப் பார்த்தால், மலைக்குப் போன மூன்றும் சேர்ந்து சொன்ன விடை சுமார் 23 நானோ செகண்ட் முந்தல். எதிர்பார்த்தது 22. அந்த ஒன்றை அவர் அடித்துத் திருத்தவில்லை பாருங்க! தள்ளாட்டம் இவ்வளவு இருக்கும் என்று முன்பே அளந்து வைத்தவருக்கு அந்த ஒன்று பயமே இல்லை. 2007-ல் ‘ஃபிசிக்ஸ் டுடே’ இதழில் இந்தக் கதையை எழுதினார். பிள்ளைகளுக்கும் அப்பாவோடு 22 நானோ செகண்ட் கூடுதல் லீவு.

இதே சோதனையை 1971-ல் ஹாஃபலே, கீட்டிங் என்ற ரெண்டு விஞ்ஞானிகள் விமானத்தில் உலகைச் சுற்றிச் செய்தார்கள். பெரிய விஷயம்தான். ஆனா ஒரு அப்பா வேனில் செய்தது எனக்கு இன்னும் பெரிசாப் படுது.

‘அணுக் கடிகாரத்துக்கு நான் எங்கே போக?’ என்கிறீர்களா? கையைத் திருப்பிப் பாருங்க. குவார்ட்ஸ் வாட்ச் கட்டியிருந்தால், உள்ளே ஒரு குட்டிப் படிகம் செகண்டுக்கு 32,768 தடவை அதிர்ந்துகொண்டிருக்கும். அதை 15 தடவை பாதியாக்கினால் ஒரு செகண்ட். அந்தப் படிகம் 25 டிகிரிக்குச் சரியாக ஓடும்படி செய்தது. சூடானாலும் மெதுவாகும், குளிர்ந்தாலும் மெதுவாகும். வெயிலில் பைக் டேங்க் மேல் கழற்றி வைக்கும் வாட்ச் வேறு நடை, கையிலிருக்கும் வாட்ச் வேறு நடை.

தினமும் ஒரே நேரத்தில் வாட்ச்சையும் செல்போன் நேரத்தையும் பக்கத்தில் வைத்து, எத்தனை செகண்ட் வித்தியாசம் என்று எழுதுங்க. கண்ணும் கையும் கால் செகண்ட் ஏமாற்றும், செல்போனும் துளி முன்னப்பின்ன இருக்கும். ஒரு நாளில் ஒன்றும் புரியாது. பத்து நாள் எழுதினால் அந்தக் கால் செகண்ட் பத்து நாளுக்கும் பங்காகிப் போய், வாட்ச்சின் நடை பளிச்சென்று தெரியும். வாட்ச் மொத்தத்தையும் நடுவில் திருத்தக் கூடாது, தெரியாமல் செட் பண்ணிவிட்டால் முதலிலிருந்து தொடங்கணும்.

பத்து ரீடிங்கும் எனக்கு வரட்டும். ஏறி இறங்கிக் கோணல்மாணலா இருந்தால் சந்தோஷம். பத்தும் ஒரே நேர்கோட்டில் வந்தால், தம்பி, தங்கச்சி, நானும் அந்த டேபிளிலிருந்து வந்தவன்தான், ஞாபகம் இருக்கட்டும்.