ரிலாக்ஸ் என்றால் ஓய்வா?

பரீட்சை ஹால் வாசலில் நகம் கடித்துக்கொண்டு நிற்பவனிடம் "ரிலாக்ஸ்டா மச்சி" என்று சொல்லாத நண்பன் கிடையாது. அதைக் கேட்டு அவன் ரிலாக்ஸ் ஆனதாகவும் சரித்திரம் கிடையாது!

இந்தச் சொல்லுக்கு 'ஓய்வெடு' என்று ஒரே வார்த்தையில் அர்த்தம் சொல்லி முடித்துவிடுகிறார்கள். கோளாறே அங்கேதான். லத்தீனில் 'லாக்ஸுஸ்' என்றால் இறுக்கம் இல்லாதது. அதன் வழி வந்த ரிலாக்ஸுக்கு முதல் வேலை தளர்த்துவது. பிடியைத் தளர்த்தலாம், விதியைத் தளர்த்தலாம். 'ரிலீஸ்' கூட இதே குடும்பம்தான். மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் 'லாக்ஸடிவ்'வும் சொந்தக்காரரே (சிரிக்க வேண்டாம், அதுவும் தளர்த்துகிற வேலைதானே).

மனசு லேசாவது என்ற பொருள் 20ஆம் நூற்றாண்டில்தான் பரவலானது. அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929இல் 'ப்ரோக்ரஸிவ் ரிலாக்ஸேஷன்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். ஒரு தசையை இறுக்கி, அந்த இறுக்கம் எப்படி இருக்கிறது என்று கவனித்து, பிறகு விட வேண்டும். அப்படியே அடுத்த தசை. ஆக, இது பழகிச் செய்கிற ஒரு காரியம். நாள் முழுக்கப் படுத்துக் கிடந்து 'ரெஸ்ட்' எடுப்பவனுக்கும் தாடை இறுகியே இருக்கலாம்.

தமிழில் 'தளர்வு' இருக்கிறதே என்று கேட்கலாம். வேலைவாய்ப்பு அறிவிப்பில் 'வயது வரம்பில் தளர்வு' வரும். 2020 ஊரடங்கில் தினமும் 'தளர்வுகள்' வந்தன. அங்கெல்லாம் அழகாகப் பொருந்துகிறது. மனிதரிடம் வந்தால்தான் சிக்கல். 'தளர்ந்து போனார்' என்றால் பாவம், சோர்ந்துவிட்டார்! 'மனம் தளராதே' என்று தைரியம் சொல்கிற மொழியில் 'மனதைத் தளர்த்து' என்றால் என்ன ஆவது? இந்த ஒரு இடத்தில் ரிலாக்ஸை அப்படியே கடன் வாங்கியதில் தப்பில்லை.

ஆனால் 'டேக் ரெஸ்ட்' பழக்கத்தில் 'டேக் ரிலாக்ஸ்' என்பது தப்பு. ரிலாக்ஸ் வினைச்சொல், அதை எடுக்க முடியாது. பாட்டு 'ரிலாக்ஸிங்', கேட்டவர் 'ரிலாக்ஸ்ட்'. இதை மாற்றிப் போடாதவர்கள் குறைவு.

இதைவிடப் பெரிய தப்பு, கோபமாக இருப்பவரிடம் சொல்லும் "ரிலாக்ஸ்". ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்துவிட்டது என்று பதறுகிறவரிடம் "ரிலாக்ஸ் சார்" என்றால், 'இதுக்குப் போயா இவ்வளவு சத்தம்?' என்றுதான் அவர் காதில் விழும். "புகார் நம்பர் இது, இந்தத் தேதிக்குள் பணம் வரும்" என்று சொன்னால் தோள் தானாக இறங்கும். ஹால் வாசலில் நிற்பவனிடமும் "ஹால் டிக்கெட் எடுத்தியா? பேனா வேணுமா?" என்று கேட்டுப் பார்க்கலாம்.