புத்தகம் கேட்குது... ஸ்கூல் பிடுங்குது!

முதல்ல ஒரு விடுகதை. பார்த்தா வெறும் பேப்பர், ஆனா வீடியோ காட்டும். தினமும் ஸ்கூலுக்கு வரும், ஆனா ஸ்கூல்ல மட்டும் வேலை செய்யாது. அது என்ன?

கண்டுபிடிச்சிட்டீங்களா பாஸ்? நம்ம ஸ்டேட் போர்டு புத்தகத்துல இருக்கற க்யூஆர் கோடுதான்!

2018-ல புதுப் பாடத்திட்டம் வந்தப்போ 1, 6, 9, 11-ம் வகுப்புப் புத்தகங்கள்ல முதன்முதலா இந்தக் கட்டம் வந்துச்சு. அடுத்து மற்ற வகுப்புகளுக்கும் வந்தது. புத்தகத்தோட முன்பக்கத்துலயே, உங்க திறன்பேசியில இதை எப்படி ஸ்கேன் பண்ணணும்னு அரசாங்கமே பொறுமையா சொல்லித் தருது. சந்தோஷம். ஆனா அந்தத் திறன்பேசியோட ஸ்கூல் கேட்டைத் தாண்டினா? 2022-ல அப்போதைய பள்ளிக் கல்வித்துறை அமைச்சர் அன்பில் மகேஷ் பொய்யாமொழி, மாணவர்கள் செல்போன் கொண்டு வந்தா பறிமுதல் செய்யப்படும், திருப்பித் தரப்பட மாட்டாதுன்னு அறிவிச்சார். புத்தகம் 'போனை எடு'ங்குது, ஸ்கூல் 'போனைக் கொடு'ங்குது. நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறது யாரு? நாமதான்!

என் பேட்ச்சுக்கு இந்தக் காமெடி ரொம்பவே நல்லாத் தெரியும். 2020-21-ல நாங்க பத்தாவது. ஜனவரி 19-ல ஸ்கூல் திறக்கற வரைக்கும் போன்தான் கிளாஸ், போன்தான் போர்டு, போன்தான் வாத்தியார். 'ஏன்டா போனை எடுக்கல'ன்னு திட்டு விழுந்த காலம் அது. கொஞ்ச நாள்லயே அதே போன், பையில இருந்தா குற்றம்னு ஆயிடுச்சு. ஒரே பொருள்... ஒரே பையன்... ஒரே டீச்சர்!

இங்கேதான் நம்ம கம்பம் பள்ளத்தாக்கு விஷயம் ஒண்ணு இருக்கு. கம்பம், கூடலூர், போடி பக்கம் விடியறதுக்கு முன்னாடி ரோட்டுல நின்னு பாருங்க. ஜீப் ஜீப்பா ஆட்கள் கேரளா பக்கம் ஏலத் தோட்டத்துக்குக் கிளம்பிப் போவாங்க. வீட்டுல இருக்கறது ஒரே ஒரு டச் போன்னா, அதுவும் அப்பா சட்டைப் பையில மலையேறிடும். சாயங்காலம் திரும்பி வரும்போது பேட்டரி 8 சதவீதம். அந்த வீட்டுப் பிள்ளை க்யூஆர் கோடை எதை வச்சு ஸ்கேன் பண்ணும், தீப்பெட்டியை வச்சா?

'போனை அனுமதிச்சா ஏழைப் பசங்க மனசு கஷ்டப்படும்'னு பெரியவங்க சொல்றாங்க. நியாயமான கவலைதான். ஆனா கணக்கைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பாருங்க. தடையால போன் இருக்கறவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. வீட்டுக்குப் போய் கட்டில்ல படுத்துக்கிட்டே அந்த வீடியோவைப் பார்த்துக்குவான். போன் இல்லாதவன் போன் இருக்கறவன் பக்கத்துல உட்கார்ற ஒரே இடம் கிளாஸ் ரூம்தான். தடை அந்த ஒரு இடத்தையும் அவன்கிட்ட இருந்து எடுத்துக்குது. ஹைடெக் லேப் இருக்கேம்பீங்க. இருக்கு, நல்ல விஷயம்தான். ஆனா மொத்த ஸ்கூலுக்கும் அது ஒண்ணுதானே? நம்ம முறை வர்றதுக்குள்ள பாடமே முடிஞ்சு போயிடுது.

2011-ல ஜெயலலிதா ஆரம்பிச்ச இலவச லேப்டாப் கதையும் கிட்டத்தட்ட இதேதான். பிளஸ் டூ பிள்ளைங்க கையில அரசாங்கமே கம்ப்யூட்டரைக் கொடுத்துச்சு. எங்க தெரு அண்ணன்களைக் கேட்டுப் பார்த்தேன். அதுல படம் பார்த்தவங்க உண்டு, டைப்பிங் கத்துக்கிட்டவங்க உண்டு. கிளாஸ்ல திறந்து வச்சுப் பாடம் படிச்சதா ஒருத்தரும் சொல்லலை. 2019-20-க்கு அப்புறம் அந்தத் திட்டமும் நின்னுபோச்சு, எங்க பேட்ச்சுக்கு அதுவும் இல்லை. (வயித்தெரிச்சல்தான்!) 2025 மார்ச் பட்ஜெட்ல 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குன்னு மறுபடி அறிவிப்பு வந்துச்சு. கருவி கொடுக்கறதோட வேலை முடியாது சார், டைம் டேபிள்லயும் அதுக்கு ஒரு இடம் வேணும்.

உலகமே தடை போடுதேன்னு கேட்பீங்க. ஆமா, 2023-ல யுனெஸ்கோ அறிக்கையே போன் கவனத்தைச் சிதறடிக்கும்னு எச்சரிச்சிருக்கு. ரீல்ஸ் பார்த்துப் பார்த்தே பீரியடு ஓடற கதை நமக்குத் தெரியாதா என்ன? ஆனா 2018-ல பிரான்ஸ் போட்ட தடைச் சட்டத்தைக் கவனிங்க, பாடத்துக்காகப் பயன்படுத்தறதுக்கு அதுல விலக்கு இருக்கு. பூட்டும் இருக்கு, சாவி டீச்சர் கையிலயும் இருக்கு. நம்ம ஊர்ல பூட்டு மட்டும்தான்.

மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுல கோழிக்கோடு பக்கம் ஒரு கல்லூரி ஹாஸ்டல்ல, சாயங்காலம் 6 மணியில இருந்து ராத்திரி 10 வரை மாணவிகள் போன் தொடக்கூடாதுன்னு விதி. ஃபஹீமா ஷிரின்ங்கற மாணவி ஒத்துக்கலை; ஹாஸ்டலை விட்டு வெளியேத்தினாங்க. அவங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 2019 செப்டம்பர்ல கேரள உயர் நீதிமன்றம், இணையத்தைப் பயன்படுத்தறதும் கல்வி உரிமையில அடக்கம்னு சொல்லி அவங்களை மறுபடி சேர்த்துக்கச் சொல்லிடுச்சு. லேடீஸ் ஹாஸ்டல் தோழிகளே, உங்க வார்டன் மேடத்துக்கு இந்தத் தீர்ப்பு தெரியுமான்னு பணிவா ஒரு தடவை கேட்டுப் பாருங்களேன்!

நாள் பூரா போன் கையில இருக்கணும்னு யாரும் கேட்கலை. காலையில வாங்கி அலமாரியில வச்சுப் பூட்டுங்க. வாரத்துக்கு ரெண்டு பீரியடு, அறிவியலுக்கு ஒண்ணு, கணக்குக்கு ஒண்ணு, அப்ப மட்டும் வெளியே எடுங்க. அஞ்சு பேருக்கு ஒரு போன் போதும். யாருதுன்னு பெயர் சொல்ல வேண்டாம், குரூப் போன்னு வச்சுக்கலாம். டவர்? மேகமலைப் பக்கம் அதுவும் ஒரு கவலைதான். தீக்‌ஷா செயலியில பாடத்தை முதல் நாளே இறக்கி வச்சுட்டா நெட் இல்லாமலும் ஓடும்.

போடியில ஸ்பைசஸ் போர்டு மையத்துல ஏலக்காய் ஏலமே கம்ப்யூட்டர்ல பட்டன் அமுக்கித்தான் நடக்குது. அந்த ஏலக்காயைப் பறிக்கறவங்க வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் 'தொடாதே'ன்னா எப்படி?

நம்ம கல்லூரிகள்ல வருஷா வருஷம் என்.எஸ்.எஸ். கேம்ப் ஏழு நாள் போறோமே, மரம் நடறோம், கோயில் மண்டபம் பெருக்கறோம். இந்தத் தடவை ஒரு மதியம் அந்த ஊர் ஸ்கூல் ஹெச்.எம். சார்கிட்ட அனுமதி வாங்கிட்டு, நாம இருபது பேர் நம்ம போன்ல ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை இறக்கிக்கிட்டு உள்ளே போவோம். சார்ஜரும் மறக்காம எடுத்துக்குங்க, மக்கா!